போகப் படகு, வர ரயில்

துறைமுகப் பலகையில் சோக்கட்டியால் எழுதியிருந்தது:
போகப் படகு, வர ரயில். ஒரே சீட்டு.
பாலன் படித்துவிட்டு,
"எனக்குப் போகவும் ரயில், வரவும் ரயில்" என்றான்.
அவன் படகில் ஏற மாட்டான். கேட்டால் வயிறு என்பான்.
பதினாறு வருடமாக வயிறுதான்.
பதினாறு வருடமாக நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அன்று எனக்கும் வீம்பு.
"அப்ப எனக்குப் போகவும் படகு, வரவும் படகு.
கால்ஸ்டாக்கில சந்திப்பம்."
நாடு விட்டு நாடு போகிறவர்கள் மாதிரி
பிளிமத்தின் ஒரு மூலையில் பிரிந்தோம்.
தண்ணீர்ப் போத்தல் அவனிடம், குடை என்னிடம்.
மழை அவன் பக்கம் பெய்தது என்று பிறகு தெரிந்தது.

படகோட்டியின் ஒலிபெருக்கி ஓயவில்லை.
வலப்பக்கம் போர்க்கப்பல், சாம்பல் நிறம்;
அதற்குப் பின்னால் இன்னொன்று, அதுவும் சாம்பல்.
கயிற்றில் தொங்கி இருவர் சாயம் சுரண்டினார்கள்.
ஒருவனுக்குக் காலுறை மட்டும் மஞ்சள்.
பிறகு பெரிய பாலம். அதன் அடியில் எல்லோரும்
தேவையே இல்லாமல் தலையைக் குனிந்தோம்.

அதற்கப்பால் டேமார் ஆறு தன் குணத்தைக் காட்டியது.
நேரே போனால் அரைமணி. அது நேரே போகவில்லை.
ஒரு தேவாலயக் கோபுரம் இடப்பக்கம் வந்தது,
வலப்பக்கம் வந்தது, முதுகுக்குப் பின்னால் போனது,
மறுபடி எதிரே நின்று வாங்கோ என்றது.
நாணலோரம் ஒரு வெள்ளைக் கொக்கு
எங்களை எண்ணி முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.
இந்தக் கரை டெவன், அந்தக் கரை கோர்ன்வால்.
சேறு ஒரே சேறு.

பன்னிரண்டு வளைவுகளில் ஏறி நிற்கும் ரயில்பாலம்.
அதன் கீழே, ஒரு சுவரில், ஈரத்தலையோடு அவன்.
வாங்கிய இரண்டு பாஸ்டியில் ஒன்றரை மிச்சம்.
"ஒரு ஸ்டேஷன்" என்றான், வாயில் மாவோடு,
"பியர் ஆல்ஸ்டன். தண்டவாளம் அங்க முடிஞ்சுபோச்சு.
டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி
ஆறுதலா நடந்து வால்பக்கம் போய் ஏறினார்.
இனி அதுதான் தலை.
முன்னுக்குப் பாத்துக்கொண்டிருந்த நான்
இருந்த இடத்திலேயே பின்னுக்குப் போகத் தொடங்கிட்டன்.
ஒருத்தரும் எழும்பி மாறி இருக்கேல்லை, வதனி."
இதை மூன்று தரம் சொன்னான்.
நான் கொக்கைச் சொன்னேன். அவன் சரியாகக் கேட்கவில்லை.

ஓதம் வற்றினால் படகு சேற்றில் குந்திவிடும்.
ஒரு மணிநேரம்தான்; மணி அடித்துவிட்டார்கள்.
மிதவைத் துறை வரை கூடவே வந்தான்.
ஒரு காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தான்.
விளிம்பு அசைந்தது.
சுடுவதைத் தொட்டவன் போலக் காலை எடுத்தான்.
"ரயிலுக்கு நேரமாச்சு."
"ஓடுங்கோ. பாலத்தில வரேக்க கை காட்டுங்கோ,
நான் பாத்துக்கொண்டிருப்பன்."

பார்த்தேன்.
படகின் பின்புறம் நின்று, கழுத்து நோக.
இரண்டே பெட்டி. பாலத்தில் அது
நடக்கப் பழகும் பிள்ளை மாதிரி மெல்லப் போனது.
இரண்டு கையாலும் காட்டினேன்.
குடையை விரித்து ஆட்டினேன்.
பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணும்
என்னோடு சேர்ந்து கை காட்டினாள்.
கடைசி ஜன்னலில் ஒரு கை அசைந்தது.
ஆறு திரும்பியது. பாலம் இல்லாமல் போனது.

ஆறரைக்கு நான் வீட்டில்.
எட்டரை தாண்டி அவன்.
"ரயிலை விட்டிட்டன்" என்றான்,
சப்பாத்து நாடாவை அவிழ்க்கிற சாக்கில் குனிந்தபடி.
படகு வளைவில் மறையும்வரை
துறையிலேயே நின்றானாம்.
கை காட்டினானாம், கூப்பிட்டும் பார்த்தானாம்.
"நீர் மேலேயே பாத்துக்கொண்டு நிண்டீர்."

அப்படியென்றால் அந்தக் கடைசி ஜன்னல்?
யாரோ. நன்றாக இருக்கட்டும்.

சோறு போட்டேன். பாதித் தட்டில் நிமிர்ந்து
"அந்தக் கொக்கு" என்றான்,
"பிறகு என்ன செய்தது?"